மூடைக் கணக்கும் கட்டுரைக் கணக்கும்

பக்கத்துக் காணி அண்ணை போன கிழமை ஒரு வழுவழுப்பான கையேட்டோடு வந்தார். மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறான். இங்கே வெட்டுப்புள்ளி தவறினால் தமிழ்நாட்டுக்கு அனுப்பிப் பொறியியல் படிப்பிக்கலாமோ என்ற யோசனையில், வவுனியாவில் ஒரு மண்டபத்தில் நடந்த கல்விக் கண்காட்சிக்கு இரண்டு பேரும் போய்வந்திருக்கிறார்கள். கையேட்டின் முன்பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியின் கட்டடம். அதற்குக் கீழே, கட்டடத்தைவிட எடுப்பாக, அந்த நிறுவனம் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கை. ஆயிரக்கணக்கில்.

“மாஸ்டர், உது கனக்கவோ கொஞ்சமோ?”

நான் பதில் சொல்லாமல், “இந்தக் காலபோகத்திலை எத்தினை மூடை எடுத்தனியள் அண்ணை?” என்று கேட்டேன். எண்ணைச் சொன்னார். சொன்ன வாய் மூடமுன்னமே, “ஆனா எல்லாம் பச்சை நெல். மழைக்குப் பயந்து முந்தி வெட்டினது. காயவிட்டா அவ்வளவு நிக்காது. அதுக்குள்ளை குத்தகை வயல் நெல்லும் கிடக்கு” என்று தானாகவே திருத்தினார்.

கையேட்டில் இல்லாதது அந்த ‘ஆனா’தான்.

ஒரு பல்கலைக்கழகம் இத்தனை கட்டுரை வெளியிட்டது என்று ஒரு எண் நம் கண்ணில் படுகிறபோது, அந்த எண்ணை யாரோ ஒரு களத்தில் நின்று எண்ணியிருக்கிறார். எந்தக் களம், யாருடைய நெல், எவ்வளவு ஈரம், எவ்வளவு சப்பி என்பதெல்லாம் எண்ணுக்குப் பின்னால் மறைந்துபோகும். எனக்கு இது தெரியவந்தது என் பெறாமகளால். 1990இல் கடல் கடந்து மண்டபம் முகாமுக்குப் போன குடும்பத்துப் பிள்ளை. அங்கேயே வளர்ந்து, நூலக விஞ்ஞானம் படித்தாள். அவளுடைய ஆய்வேடு, தமிழ்நாட்டுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சி வெளியீடுகளை எண்ணி, வகைப்படுத்தி, அட்டவணை போடுவது. மடக்கை வருகிற அட்டவணைகளைச் சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்புவாள். கணிதம் படிப்பித்த பெரியப்பாவுக்கு அவ்வளவாவது வேலை கொடுக்கத்தானே வேண்டும்.

இந்த வகை ஆய்வேடு தமிழ்நாட்டு நூலகத் துறைகளில் மலிவு. தரவுக்காக ஊர் ஊராய் அலையத் தேவையில்லை. தரவுத்தளத்தில் தேடி, பதிவுகளை 500 500 ஆக இறக்கி, மென்பொருளுக்குள் போட்டால் படமும் அட்டவணையும் வந்துவிடும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்தத் துறைக்கு நம் மொழிக்காரர் ஒருவரும் தொடக்கப்புள்ளி. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன் முதலில் கணித ஆசிரியர். 1924இல் மதராஸ் பல்கலைக்கழக நூலகரானார். நூலகத்தின் வேலைகளைப் புள்ளியியலால் அளக்கலாம் என்று 1948இல் இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பாவில் நடந்த நூலகர் மாநாட்டில் முன்மொழிந்து, அதற்கு ‘லைப்ராமெட்ரி’ என்று பெயரும் வைத்தார். நூலளவியல் என்று நாம் இன்று சொல்லுகிற ‘பிப்லியோமெட்ரிக்ஸ்’ என்ற சொல்லை அலன் பிரிச்சார்ட் முன்வைத்தது 1969இல்தான். அறிவியல் வெளியீட்டை அளப்பதற்கென்றே ஒரு தனி ஆய்விதழ் 1978இல் வந்தது. அண்ணா பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே ஆண்டு. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

அண்ணா பல்கலைக்கழகத்தையே உதாரணமாக எடுக்கிறேன். வன்னியில் தமிழ்நாட்டுப் பொறியியல் என்றதும் வாயில் வருகிற பெயர் அதுதான்.

எந்தக் களத்தில் எண்ணினார்கள்?

உலகத்தில் வெளிவருகிற எல்லா ஆய்விதழ்களையும் எண்ணுகிறவர் ஒருவரும் இல்லை. தரவுத்தளங்கள் தாங்கள் தெரிந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணும். பழையது ‘வெப் ஒஃப் சயன்ஸ்’. அதன் வேர், பிலடெல்பியாவில் யூஜின் கார்பீல்ட் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய மேற்கோள் அட்டவணை. அமெரிக்க வழக்கறிஞர்கள் ஒரு தீர்ப்பைப் பிறகு எந்தெந்த வழக்குகள் எடுத்துக்காட்டின என்று தேட வைத்திருந்த அட்டவணையைப் பார்த்து, விஞ்ஞானிகளுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று செய்தது. கட்டுரையைத் தேடிப் பிடிக்கச் செய்த கருவி அது. ஆளை நிறுக்கிற தராசாக அது மாறியது பிற்பாடு. எல்செவியர் நிறுவனத்தின் ‘ஸ்கோபஸ்’ 2004இல் வந்தது; இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் அதில் உண்டு. அதே ஆண்டு வந்த ‘கூகுள் ஸ்கொலர்’ வாசலில் காவலாளி இல்லாத களம். இதழ், ஆய்வேடு, மாநாட்டுக் குறிப்பு எல்லாம் உள்ளே வரும்.

ஒரே பல்கலைக்கழகத்துக்கு இந்த மூன்று களமும் மூன்று எண் தரும். கூகுள் ஸ்கொலர் வழக்கமாகப் பெரிய எண்ணைத் தரும். கையேடு அச்சடிக்கிறவருக்கு எது பிடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பொறியியலுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கணினித் துறைக்காரர் முக்கியமான வேலையை மாநாட்டில்தான் முதலில் வெளியிடுவார்கள். மாநாட்டுத் தொகுதிகளைச் சேர்த்தால் ஒரு எண், விட்டால் வேறொரு எண். போதாததற்குக் களமும் ஆண்டுக்கு ஆண்டு பெருக்கிறது. தரவுத்தளம் புதிதாக நூற்றுக்கணக்கான இதழ்களைச் சேர்த்தால், முன்பும் அதே இதழ்களில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று ‘வளர்ந்து’விடுவார்கள்.

தமிழில் எழுதப்படும் ஆராய்ச்சி இந்தக் களங்களுக்குள் அநேகமாக வராது. இதை ஒரு பெருமூச்சோடு கடந்துபோகிறேன்.

யாருடைய நெல்?

பெறாமகள் மாதக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்ட இடம் இது. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஆசிரியர்கள் தங்கள் முகவரியை எழுதுவார்கள். எண்ணுகிறவர் அந்த முகவரியைத்தான் பார்க்கிறார். முகவரி குழம்பினால் எண்ணும் குழம்பும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் முகவரிக் குழப்பத்துக்குள் தமிழ்நாட்டுத் தொழில்நுட்பக் கல்வியின் வரலாறே படிந்து கிடக்கிறது. 1794இல் எட்டு மாணவர்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது கிண்டிப் பொறியியல் கல்லூரி. 1944இல் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. 1949இல் குரோம்பேட்டையில் மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஒஃப் டெக்னோலஜி, அப்துல் கலாம் படித்த இடம். பிறகு கட்டடக்கலைப் பள்ளி. இவற்றையெல்லாம் சேர்த்து 1978 செப்டம்பர் 4இல் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். தொடக்கப் பெயர் பேரறிஞர் அண்ணா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். 1982இல்தான் இன்றைய பெயர். ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? ஒருவர் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் எழுதுவார். இன்னொருவர் கிண்டிக் கல்லூரி என்று மட்டும். குரோம்பேட்டைக்காரர் ‘எம்.ஐ.ரி.’ என்று மூன்றெழுத்தில் எழுதிவிட்டால் அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் நிறுவனமும் கர்நாடகத்தின் மணிப்பால் நிறுவனமும் அதே மூன்றெழுத்தோடு வாசலில் நிற்கும். ஊர்ப்பெயரும் சும்மா இருக்கவில்லை. மெட்ராஸ் 1996இல் சென்னை ஆனது.

2001இல் வந்தது பெரிய மாற்றம். மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான கல்லூரிகள், பெரும்பாலானவை தனியாருடையவை. 2007இலிருந்து பல்கலைக்கழகத்தைப் படிப்படியாகப் பிரித்தார்கள். கோயம்புத்தூர், திருச்சி, திருநெல்வேலி, மதுரை என்று தனித்தனிப் பெயர்கள் வந்தன. 2012இல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். இப்போது நாமக்கல்லில் ஒரு தனியார் கல்லூரி விரிவுரையாளர் தன் கல்லூரிப் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் ‘அண்ணா பல்கலைக்கழகம்’ என்றும் எழுதுகிறார் என்று வையுங்கள். பட்டம் கொடுப்பது அண்ணா பல்கலைக்கழகம், ஆகவே அவர் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் ஆய்வுகூடம் கல்லூரியினுடையது, சம்பளமும் அங்கேதான். இந்தக் கட்டுரை யாருக்கு? தேடுகிறவர் பல்கலைக்கழகப் பெயரைத் தட்டினால் எல்லாம் ஒரே குவியலாக வந்து விழும். கிண்டி, குரோம்பேட்டை வளாகங்களை மட்டும் கவனமாகப் பொறுக்கினால் குவியல் சுருங்கும். இரண்டு பேர் ஒரே காலத்தை எண்ணி, இரண்டு விதமான விடையோடு வருவார்கள். இரண்டு பேரும் நேர்மையானவர்களாகவே இருக்கலாம்.

அண்ணை சொன்ன குத்தகை வயல் இதுதான். வயல்காரனும் தன் விளைச்சல் என்பான், குத்தகைக்குச் செய்தவனும் தன் விளைச்சல் என்பான். கிராமத்தின் மொத்த நெல்லைக் கணக்குப் பார்க்கப் போனால் ஒரே மூடை இரண்டு தரம் ஏறியிருக்கும்.

சிரிக்கத் தேவையில்லை, நம் வீட்டிலும் இதே கதைதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. அதன் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா 1997இலிருந்து யாழ்ப்பாணத்தின் வளாகமாக இருந்து, 2021 ஓகஸ்ட் 1இல் தனிப் பல்கலைக்கழகமானது. வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கிற பம்பைமடுவில் அதே அறையில், அதே மேசையில் இருந்து ஒருவர் 2020இல் எழுதிய கட்டுரை யாழ்ப்பாணத்தின் கணக்கில்; 2022இல் எழுதியது வவுனியாவின் கணக்கில். அட்டவணையை மட்டும் பார்க்கிறவர் யாழ்ப்பாணம் எதையோ இழந்துவிட்டது என்றும் வவுனியா வானத்திலிருந்து குதித்தது என்றும் நினைப்பார். இன்னொரு வேடிக்கை: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர் திருநெல்வேலி. அண்ணா பல்கலைக்கழகம் பிரிந்திருந்த காலத்தில் அதன் ஒரு துண்டின் பெயரும் திருநெல்வேலி. முகவரியில் நாட்டின் பெயரும் இருப்பதால் தப்பித்தோம்.

பலர் சேர்ந்து செய்த வெள்ளாமை

ஒரு கட்டுரையில் மூன்று நிறுவனத்தைச் சேர்ந்த ஐந்து பேர் இருந்தால், வழக்கமான எண்ணலில் மூன்று நிறுவனமும் ஒவ்வொரு கட்டுரை வாங்கிக்கொள்ளும். ஒன்று மூன்றாகிவிடும். இதன் எல்லையைப் பார்க்க வேண்டுமானால் துகள் இயற்பியலுக்குப் போகவேண்டும். ஹிக்ஸ் துகளின் திணிவைப் பற்றி 2015இல் வந்த ஒரு கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்ப்பட்டியல். இப்படிப்பட்ட கட்டுரைகள் மேற்கோளும் மிக அதிகம் பெறும். சண்டிகரின் பஞ்சாப் பல்கலைக்கழகம் 2013இல் ஒரு சர்வதேசத் தரவரிசையில் ஐ.ஐ.ரி.கள் எல்லாவற்றையும் முந்தி இந்தியாவில் முதலாவதாக வந்தபோது பலர் வியந்தார்கள். காரணம் தேடியவர்கள் ஜெனீவாவின் துகள் மோதல் பரிசோதனைகளில் அதன் இயற்பியல் துறைக்கு இருந்த பங்கில் போய் நின்றார்கள். பங்கு உண்மையானது. ஆனால் அங்கே ரசாயனம் படிக்கப் போகிற பிள்ளைக்கு அதால் என்ன?

பங்குபோட்டு எண்ணுகிறவர்களும் உண்டு. நெதர்லாந்தின் லைடன் தரவரிசை, கட்டுரையை நிறுவனங்களுக்கிடையில் பின்னமாகப் பிரிக்கிறது. நியாயமான முறை என்று நினைக்கிறேன். விளம்பரக் கையேட்டில் பின்னத்தைப் போட்டவரை நான் இன்னும் காணவில்லை.

ஆய்வேடுகளில் ‘கூட்டுழைப்பு அளவு’ என்று ஒரு சூத்திரம் தவறாமல் வரும். கே. சுப்ரமணியம் 1983இல் சொன்னது: ஒன்றுக்கு மேற்பட்ட ஆசிரியர் உள்ள கட்டுரைகளை மொத்தக் கட்டுரைகளால் வகுப்பது. பொறியியலில் மாணவனும் வழிகாட்டியும் சேர்ந்தே எழுதுவதால் விடை எப்போதும் ஒன்றை ஒட்டித்தான் நிற்கும். கீரியும் பாம்பும் போல வாழ்கிற துறையிலும் 0.95 வரும். பெறாமகளிடம் இதைச் சொன்னேன். “பெரியப்பா, அது இல்லாட்டி வழிகாட்டி கையெழுத்துப் போடமாட்டார்” என்றாள்.

ஈரமும் சப்பியும்

நெல் சந்தைப்படுத்தும் சபைக்கு நெல் கொண்டுபோனால் ஈரப்பதம் 14 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பார்கள். தனியார் வியாபாரி கையை மூடைக்குள் விட்டு அள்ளிப் பார்த்து, மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்பார். கட்டுரைக்கு அந்தக் கைவிடல்தான் மேற்கோள் எண்ணிக்கை: பிறகு எழுதியவர்கள் எத்தனை பேர் இதை எடுத்துக்காட்டினார்கள்? ஜோர்ஜ் ஹேர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன ‘எச் சுட்டி’யும் இதன் குட்டிதான். ஒருவருக்கு எச் சுட்டி 20 என்றால், குறைந்தது 20 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் அவரிடம் 20 உண்டு. தனி ஆளுக்கென்று செய்த இந்தச் சட்டையை முழுப் பல்கலைக்கழகத்துக்கும் மாட்டுகிறார்கள். ஆள் கூடினால் சுட்டியும் ஏறும், ஆகவே பெரிய நிறுவனம் எப்போதும் வெல்லும்.

துறைக்குத் துறையும் மேற்கோள் மாறும். நனோப் பொருட்களைப் பற்றிய கட்டுரை இரண்டு ஆண்டில் பெறுகிற மேற்கோளை, வாய்க்கால் கட்டுமானத்தைப் பற்றிய கட்டுரை பத்தாண்டிலும் பெறாது. எழுதுகிற கூட்டம் சின்னது, அவ்வளவுதான். வாய்க்கால் இல்லாமல் இரணைமடுத் தண்ணீர் வயலுக்கு வருமோ?

தமிழ்நாட்டு அறிவியலில் படிக வளர்ப்பு ஒரு தனி அத்தியாயம். அண்ணா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு மையம் 1982இலிருந்து இயங்குகிறது. கரைசலை மெதுவாக ஆவியாகவிட்டுப் படிகம் எடுப்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம், பொறுமை வேண்டும். அதனால் மாநிலம் முழுக்கச் சின்னச் சின்னக் கல்லூரிகளுக்கும் இந்த ஆராய்ச்சி பரவியது. வசதி குறைந்த இடத்திலும் செய்யக்கூடிய அறிவியல் என்ற வகையில் எனக்கு இதில் மதிப்பு உண்டு. ஆனால் அதே இலகுதான் சப்பியையும் கொண்டுவந்தது. ஒரு உப்பைக் கொஞ்சம் மாற்றிக் கரைத்தால் ‘புதிய படிகம்’, படிகத்துக்கு ஒரு கட்டுரை. இப்படிப் புதியவை என்று வெளிவந்த பல படிகங்கள் உண்மையில் பழையவையே, வேறு பெயர் சூட்டிய சாதாரண கிளைசின் கூட அவற்றில் உண்டு என்று கோவாப் பல்கலைக்கழக வேதியியலாளர் ஒருவர் ஆண்டுக்கணக்காக ஆய்விதழ்களுக்கு மறுப்பு எழுதினார். மறுக்கப்பட்ட கட்டுரையும் எண்ணிக்கையில் ஒன்று. மறுப்பில் அதன் பெயர் வருவதால் அதற்கு ஒரு மேற்கோளும் கூடும்!

தங்களைத் தாங்களே எடுத்துக்காட்டுவது இன்னொரு வழி. சென்னையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்களைப் பரீட்சை மண்டபத்தில் உட்காரவைத்துக் கட்டுரை எழுதுவித்து, அவற்றில் அதே நிறுவனத்தின் மற்றக் கட்டுரைகளை மேற்கோளாக அடுக்கினார்கள் என்று 2023இல் அமெரிக்காவின் ‘சயன்ஸ்’ இதழ் விரிவாக எழுதியது. தரவரிசை ஏறியதற்கு இது ஒரு காரணம் என்பது அந்தச் செய்தியின் சாரம்.

வளர்ச்சி என்ற மாயம்

இனி என் மடக்கைக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நின்றுதான் போவேன், ஏனென்றால் இந்தப் பிழையை நான் பார்த்த ஆய்வேடுகளில் பாதிக்குப் பாதி செய்திருந்தன.

ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று ஒரு நிரல். அதற்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டே போகிற மொத்தம். பிறகு ‘சார்பு வளர்ச்சி வீதம்’: இந்த ஆண்டுவரையான மொத்தத்தின் இயற்கை மடக்கையிலிருந்து போன ஆண்டுவரையான மொத்தத்தின் மடக்கையைக் கழிப்பது. போன ஆண்டுவரை 1000, இந்த ஆண்டோடு 1200 என்றால் விடை 0.182. இரண்டின் இயற்கை மடக்கையான 0.693ஐ இதால் வகுத்தால் 3.8. இதே வேகத்தில் போனால் மொத்தம் இரட்டிக்க 3.8 ஆண்டு எடுக்கும் என்று பொருள். இதுவரை சரி.

அடுத்ததாக ஆய்வேடு என்ன எழுதும்? “வளர்ச்சி வீதம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது, இரட்டிக்கும் காலம் நீள்கிறது, பல்கலைக்கழகம் கவலைப்பட வேண்டும்.” ஒரு பல்கலைக்கழகம் ஒவ்வொரு ஆண்டும் சரியாக 100 கட்டுரை வெளியிடுகிறது என்று வையுங்கள். இரண்டாம் ஆண்டு மொத்தம் 100இலிருந்து 200 ஆகும்: வீதம் 0.693, இரட்டிக்கும் காலம் ஓர் ஆண்டு. பத்தாம் ஆண்டு 900இலிருந்து 1000: வீதம் 0.105, இரட்டிக்கும் காலம் 6.6 ஆண்டு. ஒருவரும் சோம்பல்படவில்லை. பின்னால் குவிந்த குவியல் பெருத்துவிட்டது, அதனால் புதிய நூறு சின்னதாகத் தெரிகிறது. சரி, ஆண்டுக்கு 10 சதவீதம் கூட்டிக் கூட்டி வெளியிடட்டும்: 100, 110, 121 என்று. அப்போதும் வீதம் 0.742இல் தொடங்கி 0.095ஐ நோக்கி இறங்கிக்கொண்டே போகும். உண்மையாகவே வளர்கிற நிறுவனமும் அட்டவணையில் வாடும். எண்ணத் தொடங்கிய ஆண்டு எதுவோ, அதற்கு அடுத்த சில ஆண்டுகள் எப்போதும் பொற்காலமாகத் தெரியும். முதல் மூடை விழுந்த களத்தில் இரண்டாவது மூடை விழுந்தால் நூறு வீத வளர்ச்சிதானே.

இதைப் பெறாமகளுக்கு எழுதியபோது அவள் அந்தப் பத்தியை எடுத்துவிட்டாள். அட்டவணை இருந்தது. கையெழுத்து வேண்டுமே.

ஏன் இவ்வளவு அவசரம்?

இந்திய அரசின் தேசியத் தரவரிசை 2016இல் தொடங்கியது. பொறியியல் நிறுவனங்களுக்கு ஆராய்ச்சிக்கு மட்டும் நூற்றுக்கு 30 புள்ளி. அதில் பெரும்பங்கு கட்டுரை எண்ணிக்கைக்கும் மேற்கோளுக்கும். மாணவர் சேர்க்கையில் கல்லூரிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுகிற மாநிலத்தில் தரவரிசையில் சில இடம் ஏறுவது பணம். இன்னொரு பக்கம், கலாநிதிப் பட்ட ஆய்வேட்டைக் கையளிக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளியாகவேண்டும் என்ற விதி இந்தியாவில் நெடுநாள் இருந்தது. பல்கலைக்கழக மானியக்குழு அந்தக் கட்டாயத்தை 2022இல் நீக்கியது. எந்த இதழ் நல்லது என்று சொல்ல வைத்திருந்த அதன் ‘கேர்’ பட்டியலையும் 2025 பெப்ரவரியில் கைவிட்டது.

கட்டாயம் இருக்கிற இடத்தில் காசுக்குக் கட்டுரை போடுகிற இதழ்களும் முளைக்கும், எழுதிக் கொடுக்கிற தரகர்களும் முளைப்பார்கள். ஹிந்தாவி என்ற வெளியீட்டு நிறுவனம் 2023இல் மட்டும் 8,000க்கு மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ‘சிறப்பிதழ்’களில் வந்தவை. அந்த ஆண்டு உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டவை 10,000ஐத் தாண்டின. எழுதியவர்களில் சீனர்களும் உண்டு, இந்தியர்களும் உண்டு. திரும்பப் பெறப்பட்டது தரவுத்தளத்தில் தெரியும். ஏற்கெனவே அச்சான கையேட்டில் தெரியாது.

களத்துக்கு வராத நெல்

அண்ணா பல்கலைக்கழகத்தைப் பற்றி இவ்வளவு நேரம் ஐயத்தோடு பேசிவிட்டு, அதன் மிகப் பெரிய வேலைகளில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். 2009 ஏப்ரல் 20இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அனுசாற், 40 கிலோ எடையுள்ள சின்னச் செய்மதி. இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் கட்டிய முதல் செய்மதி அது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஆண்டுக்கணக்காக அதில் பழுதும் திருத்தமுமாகக் கற்றது எத்தனை கட்டுரைக்குச் சமம்? கட்டுரை அட்டவணையில் அதற்கு நிரல் இல்லை. குரோம்பேட்டையின் ‘தக்‌ஷா’ ட்ரோன் குழு 2018இல் அவுஸ்திரேலியப் போட்டியில் இரண்டாமிடம் வந்ததும் அப்படித்தான். அந்தக் குழுவுக்கு ஆலோசகர் நடிகர் அஜித்குமார் என்பதால் எங்கள் ஊர்ப் பொடியளுக்கு அந்தச் செய்தி மட்டும் நன்றாகத் தெரியும்.

நம் பக்கத்துக் கணக்கில் இன்னும் பெரிய இடைவெளி. கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது 1990இல். அதன் பிறகு நடந்ததை வன்னிக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. பீடம் யாழ்ப்பாணத்துக்குப் போய், போர் முடிந்து பல ஆண்டுக்குப் பிறகு கிளிநொச்சிக்குத் திரும்பியது. பொறியியல் பீடம் முதல் மாணவர்களை எடுத்தது 2014இல். 1794இல் தொடங்கிய நிறுவனத்தின் நிரலுக்குப் பக்கத்தில் இதன் நிரலை வைத்து உயரம் பார்க்கிறவருக்கு, நிரலில் இருக்கிற பள்ளங்கள் எந்த ஆண்டுகள் என்று யாராவது சொல்லிக் கொடுக்கவேண்டும்.

எதை ஆராய்வது என்பதையும் இந்தக் கணக்கு வளைத்துவிடுகிறது. கடைசி வாய்க்கால் வயலுக்குச் சிறுபோகத் தண்ணீர் எப்படிப் போய்ச் சேரும், வவுனியா முல்லைத்தீவுப் பக்கத்துச் சிறுநீரக நோயாளிகள் குடிக்கிற கிணற்றில் என்ன கிடக்கிறது என்று ஒரு இளம் விரிவுரையாளர் மூன்று ஆண்டு அலைந்து ஒரு கட்டுரை எழுதலாம். அதே காலத்தில் கணினியில் எங்கோ கிடக்கிற தரவை எடுத்து ஆறு கட்டுரை எழுதலாம். பதவி உயர்வுப் படிவத்தில் ஆறு, ஒன்றைவிடப் பெரிது. நான் அந்த இளைஞராக இருந்தால் என்ன செய்வேன் என்று எனக்கே நிச்சயமில்லை.

அண்ணையிடம் இதில் பாதியைத்தான் சொன்னேன். மகன் படிக்க விரும்புவது குடிசார் பொறியியல். ஆகவே முழுக் கல்லூரியின் எண்ணை விட்டுவிட்டு அந்தத் துறையில் யார் படிப்பிக்கிறார்கள், போன இரண்டு மூன்று ஆண்டில் என்ன எழுதியிருக்கிறார்கள், அங்கே கொங்கிரீட் உடைத்துப் பார்க்கிற இயந்திரம் வேலைசெய்கிறதா என்று அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் விசாரிக்கச் சொன்னேன். கையேட்டின் உள்பக்கத்தில் துறைத் தலைவரின் படமும் பெயரும் இருந்தன. கைபேசியில் கூகுள் ஸ்கொலரில் தட்டினோம். மனிதர் உண்மையாகவே நன்றாக எழுதியிருந்தார். மண் உறுதியைப் பற்றி, மேற்கோளும் பரவாயில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து முகவரியைப் பார்த்தோம். கடைசி ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் வேறொரு கல்லூரியின் பெயரில் இருந்தன. இங்கே வந்தது அண்மையில் போலிருக்கிறது.

அண்ணை கையேட்டைத் திருப்பி முன்பக்கத்து எண்ணை இன்னொரு தரம் பார்த்தார்.

“அப்ப மாஸ்டர், இந்த ஆளின்ர பழைய எழுத்தெல்லாம் ஆரின்ர மூடையிலை கிடக்குது?”

“அநேகமா ரண்டு பேரின்ர மூடையிலையும்,” என்றேன்.